வெறும் தண்ணி

என் தொழில் சுவர் கழுவுவது. 'கட்டட முகப்புப் பராமரிப்பு' என்று விசிட்டிங் கார்டில் கொஞ்சம் கௌரவமாகப் போட்டிருக்கிறேன். புறா எச்சம், சுவரொட்டிப் பசை, ஓரம் ஒதுங்குகிறவர்களின் மூத்திரக் கறை, மென்று துப்பிய சூயிங்கம், காதலர்கள் கிறுக்கிய இதயங்கள் என்று இருபத்திரண்டு வருஷமாக ஊரார் அசிங்கத்தோடுதான் என் பிழைப்பு. அதனால் அருவருப்பெல்லாம் எனக்கு மரத்துப்போயிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மரக்கவில்லை, நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் வருகிறது. புறாவை மட்டும் மன்னித்துவிட்டேன். அதற்குக் கழிப்பறை கட்டிக்கொடுக்க ஆளில்லை.

கம்பெனி என்றால் நானும் என் கொழுந்தனும்தான். கொதிக்கும் நீராவியைப் பீச்சுகிற இயந்திரம் அவன் கையில், பிரஷ் என் கையில். என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அன்று காலை ஒன்பது மணிக்கு முதலில் போன் செய்தது அவர்தான்.

"மாநகராட்சி ஆபீஸ் முன்னாடி நாலு பேரு உள்ளங்கையில பசையைத் தடவி ரோட்டோட ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பஸ்ஸு ஒரு அடி நகரல. உள்ள இருக்கிறவங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க, நான்தான் பசை வாங்கிக் குடுத்த மாதிரி."

"எதுக்காம்?"

"பூமி சூடாகுதாம். இங்க பஸ்ஸுக்குள்ள வந்து பாக்கச் சொல்லு."

அவர் வைத்த கையோடு மாநகராட்சிப் பராமரிப்பு அதிகாரி கூப்பிட்டார். அதே கூட்டத்தில் இன்னும் சிலர், தீயணைக்கும் சிலிண்டருக்குள் ஆரஞ்சுக் கலவையை நிரப்பிக் கொண்டுவந்து முன்சுவர் முழுக்கப் பீச்சிவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டடத்தின் முகப்பு பால்போன்ற சுண்ணாம்புக்கல். பதினோரு வருஷமாக அதைக் கழுவுவது நான். எந்தக் கல்லில் எந்த மூலையில் கல்லாகிப்போன பழைய சிப்பி பதிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக்காட்டுவேன்.

போய் இறங்கியபோது திருவிழாக் கூட்டம். சுவரின் கீழ்ப்பாதி முழுக்க ஆரஞ்சு வழிந்துகொண்டிருந்தது, யாரோ வாந்தி எடுத்தது மாதிரி. வேலைக்குப் போக முடியாதவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்விட முடியாதவர்கள், ஒரு வேலையும் இல்லாமல் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "கையை ரோட்லயே விட்டுட்டு ஆளை மட்டும் பிச்சு எடுங்க சார்" என்று ஒருத்தர் போலீசுக்கு யோசனை சொன்னார். எதிர் மளிகைக் கடைக்காரர் முட்டை அட்டையை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார், விற்பனைக்குத்தான். முட்டைகள் பறந்தன. போராட்டக்காரர்கள் மேல் இரண்டு பட்டது, என் சுவர்மேல் பத்துப் பன்னிரண்டு. குறி பார்க்கத் தெரியாதவனெல்லாம் வீரனாகிவிட்டான் அன்றைக்கு. மஞ்சள் கரு ஆரஞ்சின்மேல் வழிந்தது.

இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு பெண்மணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நரைத்த குட்டை முடி, கையெல்லாம் ஆரஞ்சு, தோளில் முட்டை ஓடு. அந்த முகத்தை நான் எப்போதும் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன், அதனால் அடையாளம் தெரியச் சற்று நேரமானது. என் பல் டாக்டர்.

போன புதன்கிழமைதான் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்து ஏதோ வைத்து அடைத்துவிட்டிருந்தார். "இது தற்காலிகம்தான். அடுத்த புதன் வாங்க, நிரந்தரமா அடைச்சுடலாம்" என்று சொல்லியிருந்தார். வழக்கமான திட்டும் உண்டு. "சுவரைத் தேய்க்கிற மாதிரி பல்லைத் தேய்க்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. அழுத்தினா அழுக்கு போகாது, பல்லுதான் போகும்." வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் பேச முடியாது என்ற தைரியத்தில் பேசுகிற பேச்சு. என் பல்லுக்கு அத்தனை உபதேசம் செய்தவர் என் சுவரை இப்படிப் பண்ணிவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் திமிறிக்கொண்டு கத்தினார். "தண்ணி ஊத்துங்க! வெறும் தண்ணி! வெறும் தண்ணி போதும்!"

கூட்டம் சிரித்தது. "வெறும் தண்ணி போதுமாம், ஜூஸெல்லாம் வேணாமாம்" என்று ஒருத்தன் சொல்ல, இன்னும் பெரிய சிரிப்பு. என் கொழுந்தன் இளகிய மனசுக்காரன். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போற? ஊரை நாறடிச்சுட்டு மகாராணிக்குத் தாகம் எடுக்குதா? ஸ்டேஷன்ல குடுப்பாங்க, நீ வா."

அவர் வண்டியில் ஏறும்வரை என்னையே பார்த்து அதையே கத்திக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. எந்தக் கறையானாலும் முதலில் ஓர் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். அது போகாவிட்டால் சோப்பு, அதற்கும் போகாவிட்டால்தான் சூடு, மருந்து, இரும்பு பிரஷ் எல்லாம். இந்தப் பாடத்தைக் கொழுந்தனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அன்றைக்கு அவன்தான் எனக்கு ஞாபகப்படுத்தினான்.

"அண்ணி, ஓரத்துல பச்சைத் தண்ணி ஊத்திப் பாத்துரலாமா?"

"இது என்ன கைக்குழந்தையோட மூத்திரமா, தண்ணியில போறதுக்கு? பெயிண்ட்டுடா. நேரா ஆவியை விடு."

அதிகாரி பக்கத்தில் நின்றார். பத்துப் பதினைந்து போன்கள் எங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம்கூட அந்த அசிங்கம் அங்கே இருக்கக்கூடாது என்றிருந்தது எனக்கு. கொழுந்தன் நீராவியைத் திறந்தான்.

ஆரஞ்சு ஓடவில்லை. மாறாகத் தடித்தது. கொழகொழவென்று திரண்டு கல்லின் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். "விடாப்பிடியான சனியன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரும்பு பிரஷ்ஷை எடுத்தேன். மாலைவரை தேய்த்தேன். ஆரஞ்சு போயிற்று, அதோடு கல்லின் மேல்தோலும் போயிற்று. பளபளப்பாக இருந்த சுவரில் ஆளுயரத்துக்குச் சொரசொரவென்று ஒரு பட்டை, துளைகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகளோடு, அம்மைத் தழும்பு மாதிரி நின்றது. சிப்பிகளைக் கையால் தடவித் தேடினேன். ஒன்றும் இல்லை.

கூட்டம் கைதட்டியது. "அக்கா, உங்களை மாதிரி ஆளுங்கதான் ஊருக்கு வேணும்" என்று ஒருத்தர் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "இந்தக் கல்லு இனிமே திரும்பி வராது. அதைக் கெடுத்தவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க" என்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. நடிப்பில்லை. ராத்திரிக்குள் ஊரே அதைப் பார்த்துவிட்டது. என் நாத்தனார் வெளியூரிலிருந்து போன் செய்து, "அண்ணி, டிவியில கொஞ்சம் குண்டாத் தெரியுறீங்க, ஆனா நல்லாப் பேசுனீங்க" என்றாள்.

மறுநாள் பல் அடைப்பு பாதி உதிர்ந்தது. டாக்டர் போலீஸ் காவலில் இருக்கிறார், கிளினிக்குக்குப் பூட்டு. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவரை இன்னும் கொஞ்சம் வைதேன்.

அதற்கடுத்த நாள் காலை அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தைத் தள்ளினார். கல்லைச் சுத்தம் செய்தவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டிய சேத அறிக்கை. நடுவில் இரண்டு வார்த்தைகள்: தற்காலிகம், நிரந்தரம். சரியானதைச் சுழிக்க வேண்டும்.

"தற்காலிகம்னா அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றார் அவர். "நிரந்தரம்னா பெரிய பிரிவுல கேஸ். வருஷக்கணக்குல உள்ள. அந்தப் பல் டாக்டரம்மா திரும்ப வந்தாலும் பல்லைத் தொட முடியாது, லைசென்ஸ் போயிடும். நீங்கதானே டிவியில சொன்னீங்க, கல்லு திரும்பி வராதுன்னு."

கல் திரும்பி வராது என்பது உண்மை. நான் 'நிரந்தரம்' என்பதைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். சொன்னால் என்ன, திருப்தியாகத்தான் இருந்தது.

"பக்கச் சுவர்ல ஒரு கையகலம் பாக்கி இருக்கு, பஸ் ஸ்டாப் பக்கம்" என்றார் அதிகாரி. "நாளைக்குக் காலையில நீதிமன்றத்துல இருந்து சேதத்தைப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள அதையும் முடிச்சுடுங்க."

முதல் நாள் முன்சுவரிலேயே பொழுது போய்விட்டதால் அந்த இடத்தை விட்டுவைத்திருந்தோம். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனோம். பேருந்துக்கு நிற்கிற கூட்டம் இரண்டு நாளாக அந்த ஆரஞ்சைத் தன் வழியில் விசாரித்திருந்தது. துப்பியிருந்தார்கள். ஒருத்தர் இரண்டு பேரல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் முறைவைத்துத் துப்பிய மாதிரி. காய்ந்ததும் காயாததுமாக எச்சில் வழிந்து நின்றது. நாங்கள் பார்க்கும்போதே டை கட்டிய ஒருவர் காறித் துப்பிவிட்டு, "நல்லா கழுவுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார். வாழ்க்கையில் என்னென்னவோ கழுவியிருக்கிறேன். அன்றைக்குத்தான் குனிந்து ஓங்கரித்தேன்.

"அண்ணி" என்றான் கொழுந்தன். "கொஞ்சம் நிமிந்து பாருங்களேன்."

"எச்சிலை என்னடா பாக்கறது?"

"எச்சில் வழிஞ்ச இடத்தைப் பாருங்க."

பார்த்தேன். எச்சில் ஓடிய ஒவ்வொரு கோட்டிலும் ஆரஞ்சு கரைந்து இறங்கியிருந்தது. அடியில் கல் பால்போல இருந்தது. வழுவழுவென்று, மேல்தோலோடு. ஒரு கோட்டின் நடுவே அரை விரல் நீளத்துக்கு ஒரு சிப்பி.

கொழுந்தன் தன் பாட்டிலை எடுத்து ஓர் ஓரமாக ஒரு மடக்கு ஊற்றினான். நான் அவனைத் தடுத்து இழுத்த அதே பாட்டில். அந்த ஓரத்து ஆரஞ்சு மொத்தமும் நடைபாதையில் இறங்கி ஓடியது. நான் குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தேன். பெயிண்ட் நாற்றமே இல்லை. விரல்களுக்கிடையே நறநறவென்றது. மக்காச்சோள மாவும் சாயப்பொடியும். மாவில் கொதிக்கும் ஆவியை விட்டால் என்ன ஆகும் என்று சுவரொட்டி ஒட்டுகிறவனைக் கேட்டால் சொல்லுவான். பசை காய்ச்சிக் கல்லுக்குள் ஊற்றியிருந்தேன் நான். பிறகு அதைச் சுரண்டுகிறேன் என்று கல்லையும் சுரண்டிப் போட்டிருந்தேன்.

"அந்தம்மா குடிக்கக் கேக்கல அண்ணி" என்றான் அவன். "சுவத்துக்கு ஊத்தச் சொல்லியிருக்கு."

எனக்கு அங்கேயே நடைபாதையில் உட்கார வேண்டும்போல இருந்தது. எச்சிலுக்குப் பயந்து நின்றேன்.

நேராக அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அவங்க சாயத்தை அடிக்காம இருந்திருந்தா நீங்க தேய்ச்சிருக்கவே மாட்டீங்க இல்ல? அப்ப அவங்கதானே காரணம். பேசாம போய் அந்தக் கையகலத்தையும் ஆவியிலயே முடிச்சுடுங்க. இல்லேன்னா கல்லைக் கெடுத்தது யாருன்னு ஃபைல் உங்க பக்கம் திரும்பும். பதினோரு வருஷ வேலை, யோசிச்சுக்குங்க."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் முகத்தில் துப்பிவிட்டு வந்திருப்பேன், பேருந்து நிறுத்தத்துக்காரர்கள் மாதிரி.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"மூணு மணி நேரம் பஸ்ஸுல உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டிக்கு மயக்கமே வந்துருச்சு. அவங்களுக்காக நீ போய்ப் பேசப் போறியா?"

"அவங்களுக்காக இல்லைங்க. இன்னிக்கும் அவங்களைக் கண்டா எனக்கு ஆகாது."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. பல்லை அடைச்சுக்கணும்னுதான் பல்டி அடிக்கிறான்னு ஊர் சொல்லும்."

"வாயை மூடினாத்தாங்க பல்லு வலிக்குது" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நீதிமன்றத்திலிருந்து ஓர் அம்மா கறுப்புக் கோட்டில் வந்தார். டாக்டரையும் போலீஸ் கூட்டிவந்திருந்தது. முன்சுவரைப் பார்த்து அந்த அம்மா முகம் சுளித்தார். "இவ்வளவு கொடூரமாவா" என்று குறித்துக்கொண்டார். கூட்டம் அன்றைக்கும் இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். அதிகாரி எல்லோரையும் வாசல் பக்கம் திருப்பிக் கூட்டிப்போகப் பார்த்தார்.

"அம்மா, இன்னொரு இடம் இருக்கு" என்றேன்.

பக்கச் சுவரை ராத்திரி பூரா பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவைத்திருந்தேன். எடுத்தேன். கொழுந்தன் ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தான். அவசரத்தில் பாதி என் காலில் கொட்டியது. மீதியை ஊற்றினேன். ஆரஞ்சு இறங்கி ஓடியது. கையால் தொடக்கூட இல்லை. வெள்ளைக் கல் நின்றது.

"இது அவங்க பண்ணின சேதம்" என்றேன். "அங்க முன்னாடி நீங்க பாத்தது நான் பண்ணினது. தண்ணி ஊத்திப் பாக்காம ஆவி விட்டேன், இரும்பு பிரஷ் போட்டேன். தப்புன்னு தெரிஞ்ச வேலையைக் கோபத்துல பண்ணினேன். நிரந்தரம்னு எழுதினதும் நான்தான், நிரந்தரமாக்கினதும் நான்தான். மாத்தி எழுதிக்குங்க."

கறுப்புக் கோட்டுக்காரர் பழைய குறிப்பை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் என்னிடம் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் சுவரை எட்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே தொண்டை கிழியக் கத்தினேனே" என்றார். பிறகு வழிசல்களைப் பார்த்து, "எச்சில்ல மாவு கரையும், ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க" என்று பாடமும் எடுத்தார்.

எனக்கு மறுபடி மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "டாக்டர், என் வீட்டுக்காரர் பஸ்ஸுல ஒரு பாட்டி மயங்கி விழுந்தாங்க. உங்களைப் பாத்தா எனக்கு இப்பவும் குமட்டுது. உண்மையைச் சொன்னதால உங்க பக்கம்னு நினைச்சுக்காதீங்க."

அவர் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "அந்தப் பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"தெரியாது."

எனக்கும் தெரியாதுதான். அதுவரை நானும் கேட்டதில்லை.

டாக்டர் அபராதத்தோடு வெளியே வந்தார். மாநகராட்சிக் கட்டடத்தைக் கழுவும் வேலை வேறு கம்பெனிக்குப் போயிற்று. அந்த வாரமே ஊர் என்னைப் பற்றித் தெளிவான முடிவுக்கு வந்திருந்தது. பல்லுக்காகப் பல்டி அடித்தவள், அந்தக் கூட்டத்திடம் காசுக்குக் கை நீட்டியவள், முதலிலிருந்தே அவர்கள் ஆள். என்னைப் படம்பிடித்துக் கைதட்டிய அதே வாய்கள். "அக்கா" என்ற மரியாதை மட்டும் போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை காலை எங்கள் கம்பெனிக் கடையைத் திறக்கப் போனபோது ஷட்டர் முழுக்க முட்டை. குறி இந்தத் தடவை நன்றாகவே இருந்தது. பெயர்ப் பலகையிலும் விட்டுவைக்கவில்லை. பூட்டின்மேல் ஒருத்தர் துப்பியும் இருந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிட வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

கொழுந்தன் பொங்கி வந்த கோபத்தோடு எங்கள் வேனிலிருந்து நீராவி இயந்திரத்தை இறக்கினான். "ஒரு நிமிஷம் அண்ணி, ஒண்ணும் இல்லாமப் பண்ணிடறேன்."

"வேணாம்" என்றேன். "சூடு பட்டா முட்டை வெந்து ஒட்டிக்கும்."

வீட்டுக்காரர் சீருடைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தெருக்குழாயில் வாளியைப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். நான் குவளையை முக்கி எடுத்து மேலிருந்து மெதுவாக ஊற்றினேன். பிரஷ்ஷை எடுக்கவில்லை. எதிர்ச்சாரியில் நின்று நாலைந்து பேர் படம்பிடித்தார்கள். பல் விண்விண்ணென்று தெறித்தது. இன்னொரு குவளை ஊற்றினேன்.